புங்கமரம் இருந்த இடத்து வெயில்

ஏரிக்கொல்லைமேடு,
போளூர் வழி.
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் கலையரசனுக்கு அம்மா பச்சையம்மா ஆசி கூறி எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கை பூவிழி, மாடு, புதிதாகப் பிறந்திருக்கும் கிடாரிக் கன்று எல்லோரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். கடல் தாண்டி இருக்கிற நீயும் அப்படியே இருக்க ரேணுகாம்பாள் துணை நிற்பாள். இதுவரை எழுதியது அம்மா சொன்னது. எழுதுவது பூவிழி. கை கால் சுகம் என்று எழுதும்போது என் கை நின்றுவிட்டது. "இன்னாடி நிறுத்திட்ட" என்று அம்மா கேட்டாள், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுதினேன். அன்பரசன் அண்ணன் லீவு முடிந்து புதன்கிழமை விமானம் ஏறுகிறார், உன் கேம்ப்புக்குப் பக்கத்தில்தான் அவர் கேம்ப்பும் இருக்கிறதாம், அவர் பையில் இந்தக் கடிதமும் அம்மா கட்டிக் கொடுக்கும் சாமான்களும் வரும். சாமை அரிசி இருக்கிறது, மலையிலிருந்து வந்தது, கல் இல்லாமல் புடைத்திருக்கிறாள். பலாக்கொட்டை, முருங்கைக்கீரைப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கிறது. ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில்தான் போட நினைத்தாள், உடைந்துபோகும் என்று அன்பரசன் அண்ணன் சொன்னதால் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்திருக்கிறாள், அதைக் கொண்டுபோய் ஜன்னல் ஓரத்தில் வைக்காதே என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள், வெயில் பட்டால் டப்பா வெடிக்கும், ஊறுகாயும் கெட்டு நாறும். உச்சி வெயிலில் மாடியில் வேலை செய்யும்போது தலையில் ஈரத்துணி கட்டிக்கொள்ள வேண்டுமாம், மோர் கிடைக்கவில்லை என்றால் தயிரையாவது கரைத்துக் குடிக்க வேண்டுமாம், இளைத்துப் போயிருக்கிறாய் என்று போட்டோவைப் பார்த்து இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்போது கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பால் குடிக்கப் போய்விட்டது என்று எழுந்து ஓடியிருக்கிறாள். அவள் வருவதற்குள் நான் எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

எனக்குப் போனில் பேச வராது என்று உனக்குத் தெரியும். நீ "பூவு, இன்னா, ஏதாவது பேசு" என்பாய், நான் ம் என்பேன், நீ சிரித்துவிட்டு அம்மாவிடம் கொடு என்பாய். நான் பேசாமல் இருப்பதால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பா விழுந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அம்மா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், சாந்தம்மா அத்தையும் இருந்தார்கள், அப்பா கட்டிலில் படுத்திருந்தார். நீ சொன்னது அப்படியே எனக்கு நினைவிருக்கிறது. "போன தபா வாங்கிக் குடுத்த சேரு இன்னா ஆச்சி, பக்கெட்டு இன்னா ஆச்சி, டியூப்பு இன்னா ஆச்சி. ஒரு பொருள வெச்சிக் காப்பாத்தத் தெரியாத வூடு அது. இப்ப அப்பா காலயும் ஒடச்சிட்டீங்க. நாள் பூரா வூட்லதான கீறா பூவிழி, அதக் கூடவா பாத்துக்க முடியல." அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கையில் ஈரம் எதுவும் இல்லை. நான் உள்ளே போய்விட்டேன். அன்றைக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன், கோபமாகத்தான் எழுதுகிறேன், நீ உட்கார்ந்து முழுக்கப் படிக்க வேண்டும்.

தை மாதம் லீவில் வந்தபோது வீட்டு வாசலுக்கு சிமெண்ட் போட்டுக் கொடுத்தாய், இரும்பு கேட் வைத்தாய். நல்லதுதான், சேறு இல்லை, அம்மாவுக்குக் கூட்டுவதற்குச் சுலபம், ஊரில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஆனால் புங்கமரத்திலிருந்து இலையும் பூவும் புது சிமெண்டில் விழுகிறது, கறை பிடிக்கிறது, உன் நண்பனுடைய பைக்கின் மேல் குருவி எச்சம் போடுகிறது என்று மரத்தை வெட்டச் சொன்னாய். அப்பா, "வாணாம்ப்பா, நெழலு போயிடும்" என்று ஒரு தடவை சொன்னார். அவர் எதையும் ஒரு தடவைதான் சொல்வார். "நெழலுக்கு ஷீட்டு போட்டுக்கலாம்ப்பா, நாலு நாள் வேல" என்றாய். மரம் ஒரே காலையில் போய்விட்டது. கிளைகளை ஆட்டுக்குத் தழை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். ஷீட்டு வரவில்லை, நீ போய்விட்டாய். கம்பம் நடுவதற்கு சிமெண்டில் நீ விடச் சொன்ன நாலு குழியும் அப்படியே இருக்கின்றன, அதில் கன்று கால் மாட்டிக்கொள்கிறது என்று அம்மா தேங்காய் மட்டை போட்டு அடைத்து வைத்திருக்கிறாள்.

அந்த மரத்தடியில் என்னவெல்லாம் இருந்தது என்று நீ யோசித்ததே இல்லை. தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக அங்கேதான் இருந்தன. பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது அங்கே, துணி காயப் போடும் பிளாஸ்டிக் கயிறு ஒரு பக்கம் மரத்தில், ஒரு பக்கம் ஜன்னல் கம்பியில். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூப்பைச் சுருட்டிக் கிளையில் மாட்டுவோம். பிளாஸ்டிக் நாற்காலிகள் மழைக்காலம் தவிர அங்கேயேதான் கிடக்கும். மரம் போன பிறகும் எங்கள் கை மரம் இருந்த இடத்துக்கே போனது, அதுதான் நடந்தது. வருடக்கணக்காக வைத்த இடத்தில் வைத்தோம், மேலே நிழல் இல்லை என்பதைக் கண் பார்த்தது, கைக்குத் தெரியவில்லை. பங்குனி தாண்டியதும் சிமெண்ட் தரை தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது, மேலிருந்து ஒரு சூடு, கீழிருந்து ஒரு சூடு. முதலில் குடங்களின் நிறம் போனது, தொட்டால் விரலில் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியது, அம்மா சுண்ணாம்பு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு ஒரு நாள் மேட்டுத் தெருக் குழாயிலிருந்து நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும்போது, என் கை அணைத்திருந்த இடத்திலேயே அது பொரித்த அப்பளம் மாதிரி உடைந்தது, தெருவில் நனைந்துகொண்டு நின்றேன், எல்லோரும் பார்த்தார்கள். துணிக்கயிறு அறுந்து ஈரத்துணியெல்லாம் மண்ணில் விழுந்தது. கிளிப்புகள் அழுத்தினால் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கு ஒரு பக்கம் பறக்கும். டியூப்பை மடித்த இடமெல்லாம் வெடித்து, வாழைக்குப் போக வேண்டிய தண்ணீர் மாட்டின் மேல் அடித்தது. அப்புறம் சாந்தம்மா அத்தை வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அது கொஞ்ச நேரம் யோசித்த மாதிரி நின்றது, பிறகு நாலு காலையும் நாலு பக்கம் விரித்துப் படுத்துவிட்டது. அத்தை தரையில் இருந்தபடியே காபி டம்ளரைக் கவிழாமல் பிடித்துக்கொண்டு, "உங்க வூட்ல உக்காரச் சொன்னா படுக்கவே வெச்சிடுவீங்க போலக் கீதே" என்றார்கள். சிரிக்கக் கூடாது என்று நான் உள்ளே ஓடினேன், அப்பா கட்டிலில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். நீ போனில் கேட்ட சேரு அதுதான். அதற்கு ஆனது இதுதான்.

இதெல்லாம் போகட்டும், குடம் போனால் குடம். அப்பா காலுக்கு வருகிறேன். போளூர் ரோட்டில் லாரி ஏறி அவருடைய வலது கால் முட்டிக்குக் கீழே போனபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள், மாட்டையும் வீட்டையும் நான் பார்த்தேன், பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்காக யார் மேலும் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் குழலும் ரப்பர் பாதமும் வைத்த கால் வந்ததிலிருந்து அதைக் கழுவித் துடைத்தது நானும் அம்மாவும்தான். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி வால்வுக் குழியில் எப்போதும் சேறு இருக்கும், விடியற்காலையில் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு அப்பா வந்ததும் காலைக் கழற்றிக் கொடுப்பார், சோப்புத் துணியால் துடைத்து மரத்தின் தாழ்ந்த கிளையில், காற்றில், நிழலில் தொங்கவிடுவோம். அடுத்த வேளைக்குள் காய்ந்திருக்கும். மரம் வெட்டிய மறுநாள் நான் அதை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். நீ பல் தேய்த்துக்கொண்டிருந்தாய். "கேட்டு மேல மாட்டு, நல்லா வெயில் படட்டும், கிருமி சாவும், நாத்தமும் போவும்" என்றாய். அண்ணன் நாலு ஊர் பார்த்தவன், அவனுக்குத் தெரியும் என்று மாட்டினேன். அன்றிலிருந்து தினமும் மாட்டினோம். இரும்பு கேட், மேற்கே பார்த்த வாசல், சித்திரை, வைகாசி வெயில்.

பாதத்தில் கட்டை விரல் பக்கம் மெல்லிய கோடுகள் விழுந்ததை முதலில் பார்த்தது அம்மாதான். அவள் பயப்படவில்லை. நம் எல்லோருக்கும் குதிகால் வெடிக்கிறதே, அதுபோல என்று நினைத்தாள். இரவில் தன் காலுக்கு விளக்கெண்ணெய் தடவும்போது அப்பாவின் ரப்பர் காலுக்கும் தடவினாள். மஞ்சள் வைக்கட்டுமா என்றுகூடக் கேட்டாள், அப்பா வேண்டாம் என்றார். எண்ணெய் தடவியதும் கோடு மறைந்து பளபளப்பாக ஆனது, அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், மறுநாள் அந்த எண்ணெயோடேயே கேட்டில் மாட்டினோம். வைகாசி கடைசியில் ஒரு நாள் விடியற்காலையில், வால்வுக் குழியில் இறங்கும் படியில் அப்பா அந்தக் காலை ஊன்றினார், பாதம் முன்பாதியில் வாய் பிளந்துகொண்டது. அவர் நெற்றி குழி விளிம்பில் பட்டுக் கிழிந்தது, இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. பால் ஊற்றப் போனவர்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வரும்போது அவர், "மேட்டுத் தெருவு வால்வு பாதிதான் தொறந்தேன், யாராவது போயி முழுசாத் தொறங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். தையல் பிரித்தாகிவிட்டது, வீக்கம் வற்றிவிட்டது. அவருடைய சொந்தக் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை நீ கேட்கவே இல்லை, விழுந்தார் என்று அத்தை சொன்னதோடு உனக்குப் போதுமாகிவிட்டது.

நானும் அம்மாவும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கண்ணமங்கலம் போய், அங்கிருந்து வேலூர் பஸ் பிடித்து, கால் செய்து கொடுக்கும் இடத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் உடைந்த பாதத்தைத் திருப்பிப் பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்து, "இத்த வெயில்ல வெச்சீங்களாம்மா" என்று கேட்டார். அம்மா அவ்வளவு பெருமையாக, "தெனமும் வெச்சோம் சார், ஒரு நாளு கூட வுடல, எண்ணெ கூடத் தடவுனோம்" என்றாள். அவர் சிரித்தார், பிறகு அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். ரப்பருக்கு வெயில் ஆகாது, எண்ணெய் அதைவிட ஆகாது, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு நிழலில் வைத்தால் போதும் என்று நிதானமாகச் சொன்னார். அம்மா அந்த இடத்திலேயே கூனிக்குறுகி உட்கார்ந்துவிட்டாள். அவள் பெற்ற பிள்ளைக்குச் செய்வது மாதிரி செய்ததுதான் அந்தக் காலை உடைத்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பழைய காலை அங்கேயே போடச் சொன்னார்கள், "அவுரு கால அங்க வுட்டுட்டு எப்படிடி வர்றது" என்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். புதுக் கால் அன்றைக்கே கொடுத்தார்கள். பழையதைவிட இலேசாக இருக்கிறது, அப்பா அங்கே தாழ்வாரத்தில் இரண்டு தடவை போய்த் திரும்பினார், பிடித்துக்கொள்ளாமல் நடந்தார். நான் பார்த்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து என்ன பயன். நாங்கள் பஸ்ஸில் வரும்போதே நீ கத்தாரிலிருந்து பஞ்சாயத்துத் தலைவருக்குப் போன் செய்துவிட்டாய். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று சாயந்திரம், அப்பாவுக்குப் பதிலாக வால்வு திறக்கப் போகிற சின்னக்குழந்தை அண்ணன் வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்துகொண்டு, "முனியண்ணா, சாவிய வாங்கியாரச் சொன்னாரு தலைவரு" என்றார். வால்வு திறக்கிற அந்த நீளமான இரும்புச் சாவி நம் கதவுக்குப் பின்னால் எத்தனை வருடமாகச் சாய்ந்திருந்தது என்று உனக்குத் தெரியும், நீ சின்ன வயதில் அதை வேல் என்று தூக்கிக்கொண்டு ஓடி அடி வாங்கியிருக்கிறாய். அப்பா சாவியை எடுத்து நீட்டினார். "மொதல்ல மேட்டுத் தெருவு தொறக்கணும், அது நெறஞ்சப்பறம் பள்ளத்தெருவு. மாத்தித் தொறந்தா மேட்டுக்கு ஏறாது" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "நான் தலைவராண்ட சொல்லிட்டேன், இனிமே நீ போ வாணாம்ப்பா, வூட்ல குந்து" என்று சொன்னபோது அவர் சரிப்பா என்றார். அதுதான் நீ கேட்டது. நான் பார்த்தது வேறு. சின்னக்குழந்தை அண்ணன் எல்லா வால்வையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார், மேட்டுத் தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு நம் கேட்டுக்கு வந்து, "முனியண்ணா, தண்ணி ஏறல" என்கிறார்கள், இன்னும் அவரிடம்தான் சொல்கிறார்கள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு திரும்பிப் படுக்கிறார். புதுக் காலை இன்றுவரை அவர் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா எடுத்து வந்து பக்கத்தில் வைத்தால், "எங்க போறதுக்கு" என்கிறார். வீட்டுக்குள் கைத்தடியை ஊன்றி ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போகிறார். கொல்லைக்குப் போக மட்டும் எழுந்திருக்கிறார். எவ்வளவு நாள் போடாமல் வைக்கிறாரோ அவ்வளவுக்கு அந்த முட்டி பழக்கம் விட்டுப்போகும் என்று வேலூரில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா. தலைவர் வீட்டுக்குப் போனேன். நான்தான், தனியாக, அப்பாவிடம் சொல்லாமல். கலையரசனிடம் யாரும் கெஞ்சக் கூடாது, தலைவரிடமும் கேட்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார், இருந்தும் போனேன். கேட் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, அவர் மனைவி தேவயானி அக்கா பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, புள்ள புடிக்கிறவ மாதிரி பைய வெச்சிக்கினு நிக்கிற" என்றார்கள். பையிலிருந்து உடைந்த காலை எடுத்து நீட்டினேன். அந்த அக்கா அலறியதில் தலைவரே சாப்பாட்டுக் கையோடு வெளியே வந்துவிட்டார். அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. "ஒடஞ்சது இதுதாங்க, எங்கப்பா இல்லைங்க. புதுசு வாங்கியாச்சிங்க, நல்லா நடக்கிறாருங்க" என்றேன். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார், கோபப்படவில்லை. "உங்கப்பாவ வேலையவுட்டு நான் எடுக்கலம்மா. உங்க அண்ணன்தான் அங்கேந்து போன் போட்டு, எங்கப்பாவுக்கு ஒண்ணு ஆச்சின்னா நீங்கதான் பொறுப்புன்னு சத்தம் போட்டான். அவனே போன் போட்டு, எங்கப்பா நடக்கட்டும்னு ஒரு வார்த்த சொல்லட்டும், மறுநாளே சாவி உங்க வூட்ல இருக்கும். வர்ற கூட்டத்துல சின்னக்குழந்தை பேர எழுதிப் போட்டுட்டா அப்பறம் என்னக் கேக்கக் கூடாது" என்றார். கூட்டம் அடுத்த வாரக் கடைசியில். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். அம்மா இதைப் போனில் சொல்ல இரண்டு தடவை பார்த்தாள். நீ, "சும்மா இரும்மா, நான் வேலைல கீறேன்" என்று வைத்துவிட்டாய்.

எனக்கு எதில் அதிகக் கோபம் என்று கேட்டால், இது தெரியாத ஆள் இல்லை நீ. லீவில் வந்தபோது போனில் வீடியோ காட்டினாய். பெரிய கட்டடத்து மாடியில் ஏசி குழாய்களுக்குக் கருப்பு ரப்பர் உறை மாட்டி, அதன்மேல் வெள்ளித் தகடு சுற்றுகிறீர்கள். தகடு எதற்கு என்று நான்தான் கேட்டேன், என்னமோ பேசிவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னாய், "வெயில் பட்டா ரப்பர் பொடிஞ்சி போயிடும் பூவு, அதுக்குத்தான் இந்தச் சட்ட" என்று. முகம் தெரியாத யாரோ ஒருவருடைய மாடியில் கிடக்கும் குழாய்க்கு நீ சட்டை போடுகிறாய். அதைத்தான் வேலையாகச் செய்கிறாய், நன்றாகச் செய்கிறாய் என்று உன் போர்மேன் சொன்னதையும் காட்டினாய். அதே நீ நம் வாசலில் இருந்த சட்டையைக் கழற்றிவிட்டு, அப்பா காலைக் கேட்டில் மாட்டச் சொன்னாய். வேலைக்குப் போனால் வருகிற புத்தி லீவில் வந்தால் வராதா. கழற்றியதுகூடப் பரவாயில்லை, உடைந்ததும் எங்களைச் சொன்னாய், பொருளைக் காப்பாற்றத் தெரியாத வீடு என்று. அதற்கு மேலே போய், ரப்பர் உடைந்ததற்கு அப்பாவை உட்கார வைத்துவிட்டாய். உன் வேலையில் ஒரு குழாயின் உறை பொடிந்தால் குழாயைக் கழற்றி வீசிவிடுவீர்களா.

இப்போது வீடு எப்படி இருக்கிறது என்றும் கேட்டுக்கொள். குடங்களும் பக்கெட்டும் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டன. டியூப்பை மடிக்காமல் வளையமாகச் சுற்றி மாட்டுத் தொழுவத்து முளையில் மாட்டுகிறேன், உள்ளே தண்ணீர் தங்காமல் வடித்துவிட்டு. துணி காயப் போட, பிளாஸ்டிக் கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டுத் தேங்காய் நார்க்கயிறு கட்டினேன். குக்கரின் ரப்பர் வளையத்தை அம்மா ஜன்னல் கம்பியில்தான் மாட்டுவாள், அதைப் பிடுங்கிப் பானைப் பக்கம் உள்ளே ஆணி அடித்திருக்கிறேன், ஆனாலும் அவள் கை இன்னும் ஜன்னலுக்குத்தான் போகிறது. மரம் இருந்தவரை அடுப்பு ஜன்னலுக்கு வெயில் வராது, இப்போது சாயந்திரம் முழுக்க கேஸ் டியூப் மேலேயே விழுகிறது, ஒரு நாள் தொட்டுப் பார்த்தேன், விறகு மாதிரி விறைத்திருந்தது. உடனே ஆள் வரவழைத்து மாற்றி, அடுப்பையும் எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிட்டோம். நான் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் நீ போன் செய்தாலும் எடுக்க ஆள் இருந்திருக்காது. மாடித் தொட்டிக்குக் கோணியைச் சுற்றிக் கட்டி, மேலே தென்னை ஓலை போட்டிருக்கிறேன். அதன்மேல் நீலத் தார்ப்பாய் போடலாம் என்று அத்தை சொன்னார்கள், தார்ப்பாயும் அதே வெயிலில்தான் கிழியும் என்று சொன்னேன். அப்பாவின் புதுக் காலை என் பள்ளிக்கூடத்துத் துப்பட்டாவில் சுற்றி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருட்டாக இருக்கும் இடத்தில் நிற்க வைத்திருக்கிறேன். தினமும் எடுத்துத் துடைத்து, எண்ணெய்க் கை படாமல் திரும்ப வைக்கிறேன். அதைக் காப்பாற்றிவிட்டேன். போட்டுக்கொள்ள ஆள்தான் இல்லை.

அம்மா வந்துவிட்டாள். காகிதத்தைப் பார்த்து, "நான் சொன்னது இவ்ளோ இல்லியே" என்றாள். "கோவமா எழுதிருக்கியா" என்று கேட்டாள், ஆமாம் என்றேன். படித்துக் காட்டச் சொல்லவில்லை. கன்று முட்டிய இடத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எழுதனா எழுதிட்டுப் போ. திட்றதுக்கு நடுவுல சாப்ட்டியான்னு கேட்டியா" என்றாள். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், சாப்பிட்டாயா அண்ணா. இனி அம்மா சொல்வது. வெயிலில் நிற்காதே, நின்றால் தண்ணீர் குடி, ரப்பர் செருப்பை அறைக்கு வெளியே வெயிலில் விடாதே, வெடித்த செருப்போடு மாடிப்படி ஏறாதே. வெட்டிய புங்கமரத்தின் அடிக்கட்டை பக்கத்தில் துளிர் விட்டிருக்கிறது, சிமெண்டைத் தூக்கிக்கொண்டு வருகிறது, அதைச் சுற்றி சிமெண்டைக் கொத்திவிடச் சொல்லியிருக்கிறாள், அடுத்த லீவில் வரும்போது நீ அந்தப் பக்கம் அரிவாளோடு போகக் கூடாது. எந்த நோய் நொடியும் உன்னை அண்டாமல், போன இடத்தில் பேர் எடுத்து, முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்று உன் தலையில் கை வைத்ததாக எழுதச் சொல்கிறாள்.

நான் ஞாபகப்படுத்த வேண்டியது ஒன்றுதான். இதைப் படித்ததும் தலைவருக்குப் போன் செய். என்னிடமோ அம்மாவிடமோ மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம், பேசிவிட்டேன் என்று எங்களுக்குச் சொல்லவும் வேண்டாம். ஒரு நாள் விடிவதற்கு முன்னால் அப்பா என்னை எழுப்பி, "அந்தக் கால எடும்மா" என்று கேட்டால் நாங்களே தெரிந்துகொள்வோம்.

இப்படிக்கு,
அம்மா பச்சையம்மாவுக்காகவும் தனக்காகவும்,
உன் தங்கை
மு. பூவிழி